சர்ச்சுவில் நின்ற வண்டி: மாற்று பேட்டரி வாங்குவோர் அறிய வேண்டியவை

சில ஆண்டுகளுக்கு முன், செப்டம்பர் மாத நடுவில், மணாலியிலிருந்து லே செல்லும் நெடுஞ்சாலையில் நாங்கள் ஐவர் பயணம் செய்துகொண்டிருந்தோம். வண்டி, தில்லியில் வசிக்கும் எங்கள் நண்பருடையது. ஐரோப்பிய நிறுவனம் ஒன்றின் தயாரிப்பு. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் சொகுசு வகை மலைப்பாதை வண்டி. புதிதாக வாங்கினால் கோடி ரூபாயை நெருங்கும் அதனை, வங்கிக் கடன் பெற்று, ஒருவர் பயன்படுத்திய நிலையில் நண்பர் வாங்கியிருந்தார். அன்றிரவு 4,290 மீட்டர் உயரத்தில் உள்ள சர்ச்சுவில் கூடாரங்களில் தங்கினோம்.

விடிந்தபோது வாளித் தண்ணீரின் மேல் பனிக்கட்டி படர்ந்திருந்தது. நண்பரின் மாமனாருக்கு இரவு முழுவதும் தலைவலியும் வாந்தியும் நிற்கவில்லை. அவருக்கு அறுபத்து நான்கு வயது. உயரம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முதல் மருந்து, தாழ்வான இடத்திற்கு இறங்குவதுதான். ஆனால் சர்ச்சுவிலிருந்து எத்திசையில் சென்றாலும் முதலில் ஏறித்தான் பிறகு இறங்க முடியும். தெற்கே ஏறத்தாழ 4,850 மீட்டர் உயரமுள்ள பாரலாச்சா கணவாய். வடக்கே 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுலுங் கணவாய். வந்த வழியே கேலாங் திரும்புவதென முடிவு செய்து, பெரியவரைப் பின்னிருக்கையில் அமர்த்தினோம். நண்பர் பொத்தானை அழுத்தினார். விளக்குகள் ஒருமுறை மங்கின. 'டக், டக்' என்று இரண்டு ஒலிகள் எழுந்தன. பிறகு வண்டி ஓய்ந்துவிட்டது.

அருகே தேநீர் அருந்திக்கொண்டிருந்த லாரி ஓட்டுநரிடம் சென்று, இணைப்புக் கம்பி மூலம் அவருடைய பேட்டரியிலிருந்து மின்சாரம் தர இயலுமா என்று கேட்டோம். அவர் எழுந்து வந்து எங்கள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். "பாயி சாஹப், என் லாரி இருபத்து நான்கு வோல்ட், உங்கள் வண்டி பன்னிரண்டு. இணைத்தால் உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் எரிந்து போகும். கொஞ்சம் பொறுங்கள், டாக்சிக்காரர்கள் வருவார்கள்" என்றார். அவர் சொன்னபடியே முக்கால் மணி நேரத்தில் ஒரு வாடகை ஜீப் வந்தது. அதன் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி எங்கள் வண்டியைக் கிளப்பிற்று. வழியில் ஓரிடத்திலும் எஞ்சினை நிறுத்தாமல் கணவாயைக் கடந்து கேலாங் சேர்ந்தோம். மாலைக்குள் பெரியவர் எழுந்து அமர்ந்து கஞ்சி குடித்தார்.

நடந்ததற்கான காரணம், திரும்பும் வழியில் சண்டிகரில் ஒரு பணிமனையில்தான் தெளிவாயிற்று. மூடியைக் கழற்றிப் பார்த்த மூத்த மெக்கானிக், "இது இந்த வண்டிக்கான பேட்டரியே இல்லை" என்றார். மூன்று மாதங்களுக்கு முன், ஜூன் மாத வெயிலில், பழைய பேட்டரி தில்லியில் செயலிழந்தது. அவசரத்தில் அருகிலிருந்த கடையில், உள்ளே நுழையக்கூடிய சாதாரண பேட்டரி ஒன்றை நண்பர் பொருத்திக்கொண்டார். உரிய வகையை விட ஏறத்தாழ பதினோராயிரம் ரூபாய் குறைவு. அது தட்டில் ஆடாமலிருக்க ஒரு மரத்துண்டைச் செருகி அனுப்பியிருந்தார்கள். அந்தப் பதினோராயிரம் ரூபாய் சேமிப்பு எத்தகையது என்பது சர்ச்சுவில் எங்களுக்குப் புரிந்தது.

இத்தகைய வண்டி வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் இன்று பெருநகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் உள்ளனர். பயன்படுத்திய சொகுசு வண்டியைக் கடனில் வாங்குவோருக்கு முதலில் வரும் பெரிய பராமரிப்புச் செலவுகளுள் பேட்டரியும் ஒன்று. அதனைத் தேர்ந்தெடுப்பதில் கவனிக்க வேண்டியவற்றை அன்று கற்ற பாடத்தின் துணையோடு இங்கே தொகுத்துள்ளோம்.

குறை பேட்டரியில்தானா?

வண்டி கிளம்பவில்லை என்றவுடன் பேட்டரி வாங்கப் புறப்படுவது பலரது வழக்கம். அதற்கு முன் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்றைக் கொண்டு சோதித்துப் பார்ப்பது நல்லது.

பன்னிரண்டு வோல்ட் பேட்டரி என்பது ஆறு அறைகளின் தொகுப்பு. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். இரவு முழுவதும் ஓய்வில் இருந்த வண்டியில், காலையில் எஞ்சினைக் கிளப்பும் முன் அளந்தால், முழுமையாக மின்னேற்றம் பெற்ற சாதாரண பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.4 வோல்ட் எனில் முக்கால் பங்கும், 12.2 எனில் பாதியும், 12.0 எனில் கால் பங்கும் மீதமுள்ளதாகக் கொள்ளலாம். பிறகு எஞ்சினைக் கிளப்பி அளக்க வேண்டும். பொதுவாக 13.8 முதல் 14.8 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. புதிய வண்டிகள் சிலவற்றில் கணினியே இந்த அளவை ஏற்றியும் இறக்கியும் வைக்கும். ஆகவே ஒருமுறை அளந்து முடிவுக்கு வரக் கூடாது.

மூன்றாவதாக, வண்டி உறங்கும்போது கசியும் மின்சாரம். கதவுப் பூட்டு, திருட்டு எச்சரிக்கை, சாவியின் சமிக்ஞையைக் கேட்டுக்கொண்டிருக்கும் கருவி ஆகியவை எப்போதும் சிறிதளவு மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். இது 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் இயல்பு. அந்த அளவே நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி ஆகிறது. முப்பது நாளில் 36 ஆம்பியர்-மணி. வங்கிக் கணக்கில் வரவு இல்லாமல் கட்டணம் மட்டும் பிடித்தம் செய்யப்படுவது போன்றது இது. வெளிநாடு சென்று ஒரு மாதம் கழித்துத் திரும்பியவர் வண்டி கிளம்பாமல் தவிப்பதற்கு இதுவே காரணம். சொகுசு வண்டியின் கருவிகள் எல்லாம் உறக்கத்திற்குச் செல்ல, பூட்டிய பின் அரை மணி நேரத்திற்கு மேலும் ஆகலாம். அதன் பிறகும் கசிவு மிகுதியாக இருந்தால், எந்தப் பேட்டரியை வைத்தாலும் அதற்கும் இதே கதி நேரும். கசிவை நிறுத்துவதே அப்போது சரியான பழுதுநீக்கம்.

உறையின் மேல் உள்ள எண்கள்

கடையில் விலைக்கு அடுத்தபடியாக நாம் காண்பது உறையின் மேல் அச்சிட்ட எண்களை. அவற்றுள் இரண்டைப் புரிந்துகொண்டால் போதும்.

முதலாவது ஆம்பியர்-மணி. இது கொள்ளளவு. 95 ஆம்பியர்-மணி என்றால், 4.75 ஆம்பியர் வீதம் இருபது மணி நேரம் தரவல்லது என்பது பொருள். வண்டி நிற்கும்போது விளக்கும் இசையும் எவ்வளவு நேரம் இயங்கும் என்பதை இது தீர்மானிக்கிறது.

இரண்டாவது, குளிர்நிலைத் தொடக்க ஆம்பியர், சி.சி.ஏ. என்று அச்சிட்டிருப்பார்கள். உறைநிலைக்குக் கீழே 18 டிகிரி செல்சியஸ் குளிரில், எஞ்சினைச் சுழற்றத் தேவையான பெருமின்னோட்டத்தை அந்த பேட்டரி எவ்வளவு தர முடியும் என்பதை இது குறிக்கிறது. அமெரிக்க அளவுமுறையில் 30 வினாடி வரை 7.2 வோல்ட்டுக்குக் குறையாமல் தர வேண்டும். ஐரோப்பிய முறையில் 10 வினாடி, 7.5 வோல்ட். இரண்டின் சோதனையும் வேறு என்பதால் எண்களும் வேறுபடும். இரண்டு பேட்டரிகளை ஒப்பிடும்போது, எண்ணின் அருகே எந்த அளவுமுறை குறிக்கப்பட்டுள்ளது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெரிய டீசல் எஞ்சின்களுக்கு இந்த இரண்டாவது எண்ணே முதன்மையானது. டீசல் எஞ்சினில் காற்றை மிகுதியாக அழுத்த வேண்டும். குளிரில் எண்ணெய் தடித்திருக்கும். எரிப்பறையைச் சூடாக்கும் குளோ பிளக்குகளும் அதே நேரத்தில் மின்சாரம் கேட்கும். வண்டியின் கையேட்டில் குறிப்பிட்ட சி.சி.ஏ. அளவுக்குக் குறைவானதை எக்காரணம் கொண்டும் ஏற்கலாகாது. எங்கள் நண்பரின் மாற்று பேட்டரி, கொள்ளளவிலும் தொடக்க ஆற்றலிலும் உரியதைவிடக் குறைந்தது. தில்லியின் கோடையில் அக்குறை வெளிப்படவில்லை.

மூன்று வகைகள்

ஈய-அமில பேட்டரி 1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கியது. அடிப்படை இன்றும் அதுவே: ஈயத் தகடுகள், கந்தக அமிலக் கரைசல். ஆனால் இன்று மூன்று வடிவங்கள் கடைகளில் கிடைக்கின்றன.

முதல் வகை, தகடுகள் அமிலக் கரைசலில் மூழ்கியிருக்கும் சாதாரண பேட்டரி. விலை குறைவு. முழு மின்னேற்றத்தில் இருந்து, எஞ்சினைக் கிளப்ப மட்டும் சில வினாடிகள் உழைத்து, உடனே மீண்டும் நிரப்பப்படும் வாழ்க்கைக்கு ஏற்றது.

இரண்டாவது, இ.எஃப்.பி. எனப்படும் மேம்படுத்திய வகை. இதிலும் கரைசல் திரவமாகவே இருக்கும். ஆனால் தகடுகள் வலுப்படுத்தப்பட்டு, அடிக்கடி மின்சாரத்தை இழந்து பெறுவதைத் தாங்கும்.

மூன்றாவது, ஏ.ஜி.எம். வகை. இதில் அமிலம் தனியே ததும்புவதில்லை. தகடுகளுக்கு இடையே இறுக்கமாக வைத்த மெல்லிய கண்ணாடி இழைப் பாய் அதனை உறிஞ்சி வைத்திருக்கும். கவிழ்ந்தாலும் எளிதில் சிந்தாது. தகடுகள் இறுக்கமாகப் பிடிக்கப்பட்டிருப்பதால் குலுக்கலைத் தாங்கும். உள்மின்தடை குறைவு, எனவே பெருமின்னோட்டத்தை விரைவாகத் தரவும் பெறவும் வல்லது. கரடுமுரடான பாதைக்கு இவை எல்லாம் தேவையான குணங்கள். விலை மட்டும் சாதாரண வகையைவிட மிகுதி.

போக்குவரத்து விளக்கில் தானே நின்று தானே கிளம்பும் எஞ்சின் கொண்ட வண்டிகளுக்கு இவ்விரு மேம்பட்ட வகைகளில் ஒன்றே உரியது. அவ்வண்டிகளில் பல, பிரேக் பிடிக்கும்போது உண்டாகும் ஆற்றலைச் சேமிக்க இடம் வேண்டும் என்பதற்காக, பேட்டரியை வேண்டுமென்றே முழுமையாக நிரப்பாமல் வைத்திருக்கும். அரைகுறை மின்னேற்றத்தில் நாள் கழிப்பது ஏ.ஜி.எம். பேட்டரிக்குப் பழக்கமானது. சாதாரண பேட்டரியில், அந்நிலையில் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிந்து இறுகிக் கொள்ளளவு சிறுகச் சிறுகக் குறையும். சண்டிகர் மெக்கானிக் எங்களுக்கு விளக்கியதும் இதைத்தான்: மூன்று மாதத்தில் அந்தப் புதிய பேட்டரி மூப்படைந்திருந்தது.

ஆகவே விதி எளியது. தொழிற்சாலையில் ஏ.ஜி.எம். பொருத்தியிருந்தால் ஏ.ஜி.எம். பேட்டரியையே திரும்பப் பொருத்துங்கள். இ.எஃப்.பி. இருந்த இடத்தில் ஏ.ஜி.எம். வைப்பது பெரும்பாலும் ஏற்கத்தக்கது. ஆயினும் அதற்கும் கையேட்டையோ பணிமனையையோ கேட்டுக்கொள்வது முறை. தரம் இறங்கிச் செல்வது எப்போதும் நட்டமே.

வெயில் அழிக்கிறது, குளிர் காட்டிக்கொடுக்கிறது

பேட்டரியைக் கெடுப்பது குளிர் என்று பலர் எண்ணுகிறோம். உண்மையில் நம் நாட்டில் அதன் பெரும்பகை வெப்பம். ராஜஸ்தானின் பலோதியில் 2016-ஆம் ஆண்டு மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. அத்தகைய நாளில் எஞ்சின் மூடிக்குக் கீழே வெப்பம் அதனினும் மிகுதி. வெப்பம் ஏற ஏறத் தகட்டின் ஈயச் சட்டம் அரிக்கப்படுவதும் நீர் ஆவியாவதும் விரைவடைகின்றன. பத்து டிகிரி உயர்வுக்கு ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரித் துறையில் வழங்கும் பொதுக்கணக்கு.

குளிர் வேறு விதமாகச் செயல்படுகிறது. அது வேதிவினையை மந்தமாக்குகிறது. உறைநிலைக்குக் கீழே 18 டிகிரியில், பேட்டரி தரக்கூடிய ஆற்றல் இயல்பு நிலையில் தருவதில் ஏறத்தாழ பாதிதான். அதே குளிரில் எஞ்சின் கேட்பதோ மிகுதி. கோடையில் பாதி வலுவிழந்த பேட்டரி, முதல் குளிர்காலக் காலையில் கைவிடுவது இதனால்தான். இன்னோர் ஆபத்தும் உண்டு. முழு மின்னேற்றம் பெற்ற பேட்டரியின் கரைசல் லடாக்கின் குளிரிலும் எளிதில் உறையாது. மின்னேற்றம் தீர்ந்த பேட்டரியின் கரைசல் ஏறக்குறைய நீர் போன்றதாகிவிடுவதால், உறைநிலைக்குக் கீழே பத்து டிகிரி அளவிலேயே உறைந்து உறையைப் பிளக்கக்கூடும். உறைந்த பேட்டரிக்கு மின்னேற்றம் செய்யவோ இணைப்புக் கம்பி பூட்டவோ கூடாது.

எனவே மலைப்பயணத்தைத் திட்டமிடுபவர்கள், புறப்படும் முன் மூன்று ஆண்டுகளைக் கடந்த பேட்டரியைச் சுமைச் சோதனைக்கு உட்படுத்துவது அறிவுடைமை. பேட்டரிக் கடைகளில் சில நிமிடங்களில் முடியும் வேலை இது.

இடமும் அளவும்

சொகுசு வண்டிகளில் பேட்டரி எங்கே இருக்கிறது என்று தேடுவதே சில நேரம் பெரும்பாடு. ஃபோக்ஸ்வாகன் டுவாரெக் வண்டியில் முன்னிருக்கைக்கு அடியில், முந்தைய தலைமுறை மெர்சிடிஸ் எம்-கிளாஸ் வண்டியிலும் முன்னிருக்கைக்கு அடியிலேயே, பி.எம்.டபிள்யூ. எக்ஸ்-5 வண்டியின் முந்தைய தலைமுறைகளில் பின்புறச் சாமான் அறையின் தரைக்குக் கீழே. எஞ்சினின் வெப்பத்திலிருந்து காப்பதும் எடையைச் சமன்செய்வதும் இதன் பயன்கள்.

பயணிகள் அமரும் அறைக்குள் பேட்டரி இருக்கும்போது மற்றொரு பொறுப்பும் சேர்ந்துகொள்கிறது. மின்னேற்றத்தின்போது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிப்படலாம். அதை வெளியே கொண்டுசெல்ல ஒரு மெல்லிய குழாய் உண்டு. புதிய பேட்டரியில் அக்குழாயைச் செருகும் துளை உள்ளதா, பொருத்தியபின் குழாய் இணைக்கப்பட்டதா என்று நேரில் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்விடங்களில் அமிலம் ததும்பும் சாதாரண வகையை வைப்பது பாதுகாப்பன்று.

அளவைப் பொறுத்தவரை, ஐரோப்பிய வண்டிகளின் பேட்டரி உறைகள் தரப்படுத்தப்பட்டவை. பெரிய மலைப்பாதை வண்டிகளில் பரவலாகக் காணப்படும் எல்-5 அளவு 353 மி.மீ. நீளம், 175 மி.மீ. அகலம், 190 மி.மீ. உயரம் கொண்டது. உறையின் அடிவிளிம்பைப் பற்றிக்கொள்ளும் இரும்புப் பிடி அதனைத் தட்டோடு இறுக்குகிறது. ஜப்பானிய அளவு பேட்டரிகளில் அடிவிளிம்பும் முனைகளின் பருமனும் வேறுபடலாம். நேர்முனை வலப்பக்கமா இடப்பக்கமா என்பதும் பொருந்த வேண்டும். இல்லையேல் கம்பியை இழுத்துப் பிடித்து இணைக்க நேரும். மலைப்பாதையில் ஒவ்வொரு குலுக்கலும் தகட்டிலிருந்து வேதிப்பொருளை உதிர்க்கும். தளர்வாக அமர்ந்த பேட்டரி விரைவில் அழியும். மரத்துண்டும் துணிச்சுருளும் இரும்புப் பிடிக்கு மாற்றாகா.

வாங்கும்போது உறையில் பொறித்த தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் கேட்டறியுங்கள். அலமாரியில் இருக்கும்போதும் பேட்டரி தானே மின்சாரத்தை இழக்கும். பல மாதங்கள் கிடந்ததாகத் தோன்றினால், உங்கள் முன்னிலையில் அளந்து காட்டச் சொல்லுங்கள். 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டும் 'புதிய' பேட்டரியை மறுத்துவிடுங்கள். நல்ல நிலையில் உள்ள ஏ.ஜி.எம். பேட்டரி 12.8 வோல்ட் அளவில் இருக்கும்.

வண்டியின் கணினிக்கும் சொல்ல வேண்டும்

பழைய வண்டிகளில் பேட்டரி மாற்றுவது இரண்டு நட்டுகளைக் கழற்றி மாட்டும் வேலை. இன்றைய சொகுசு வண்டிகளில், எதிர்முனையில் பொருத்திய சிறிய உணரி ஒன்று பேட்டரியின் உள்வரவையும் வெளிச்செலவையும் வெப்பத்தையும் ஓயாமல் கணக்கிடுகிறது. பேட்டரிக்கு வயதாக ஆக, அதற்கேற்ப மின்னேற்றும் முறையைக் கணினி மாற்றிக்கொள்கிறது. புதியதைப் பொருத்திவிட்டுக் கணினிக்குத் தெரிவிக்காவிடில், பழைய பேட்டரியின் முதுமையை மனத்தில் வைத்தே அது புதியதை நடத்தும். கொள்ளளவோ வகையோ மாறியிருந்தால் பிழை இன்னும் பெரிதாகும். நண்பரின் வண்டியில் இப்பதிவு செய்யப்படவே இல்லை.

இதற்குக் கண்டறி கருவி வேண்டும். ஆகவே விலை பேசும்போதே, "புதிய பேட்டரியை வண்டியில் பதிவு செய்து தருவீர்களா? அதற்கு எவ்வளவு?" என்று கேட்டுவிடுங்கள். எல்லா வண்டிகளுக்கும் இது தேவையில்லை. தேவையா என்பதை உங்கள் வண்டியின் கையேடோ பணிமனையோ கூறும். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், மாட்டும்போது அதனைக் கடைசியிலும் இணைப்பதே முறை. வேலை நடக்கும் நேரத்தில் வெளியிலிருந்து சிறு மின்சாரம் தந்துகொண்டிருந்தால், கண்ணாடிச் சாளரம், இருக்கை முதலியவற்றின் நினைவமைப்புகள் அழியாமல் இருக்கும்.

கூடாரத்திற்கு இரண்டாம் பேட்டரி

சர்ச்சுவில் நாங்கள் செய்த மற்றொரு தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றிரவு வண்டியின் சாமான் அறையில் இருந்த சிறு குளிர்பெட்டியை இயங்க விட்டிருந்தோம். அத்தகைய பெட்டி சராசரியாக 2 ஆம்பியர் எடுத்துக்கொண்டால், பத்து மணி நேரத்தில் 20 ஆம்பியர்-மணி தீர்ந்துவிடும். வலுவிழந்த பேட்டரிக்கு அதுவே கடைசிச் சுமையாயிற்று.

முகாம் பயணம் அடிக்கடி மேற்கொள்வோருக்கு, எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியைத் தொடாமல் தனியே இயங்கும் இரண்டாம் பேட்டரி ஏற்றது. எஞ்சின் ஓடும்போது இரண்டும் மின்னேற்றம் பெறும்; நின்றபின் தொடர்பு துண்டிக்கப்படும். இதற்கு எடை குறைந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியைப் பலர் நாடுகின்றனர். சமவெளியில் அது நல்ல தேர்வு. ஆனால் உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னேற்றம் செய்தால் உள்ளே நிலையான சேதம் உண்டாகும். சூடாக்கும் வசதியோ, குளிரில் மின்னேற்றத்தைத் தடுக்கும் காப்பமைப்போ இல்லாத லித்தியம் பேட்டரியை லடாக், ஸ்பித்தி போன்ற பகுதிகளுக்குக் கொண்டுசெல்ல வேண்டாம்.

ரசீது, உத்தரவாதம், காப்பீடு

விலையை ஆண்டுக் கணக்கில் வகுத்துப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, 22,000 ரூபாய்க்கு வாங்கியது ஐந்து ஆண்டுகள் உழைத்தால் ஆண்டுக்கு 4,400 ரூபாய். 11,000 ரூபாய்க்கு வாங்கியது இரண்டே ஆண்டுகளில் ஓய்ந்தால் ஆண்டுக்கு 5,500 ரூபாய். இடையில் வழியில் நின்றால் ஆகும் செலவு இதில் சேரவில்லை.

உத்தரவாதத்தில் இரண்டு பகுதிகள் இருப்பது வழக்கம்: பழுதானால் கட்டணமின்றி மாற்றித் தரும் காலம், அதன்பின், கழிந்த மாதங்களுக்கேற்பத் தள்ளுபடி மட்டும் தரும் காலம். மொத்த மாதங்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். முதல் பகுதி எத்தனை மாதம் என்பதே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. ரசீதிலும் உத்தரவாத அட்டையிலும் பேட்டரியின் வரிசை எண்ணும் வாங்கிய நாளும் வண்டியின் பதிவெண்ணும் இருக்கட்டும். உங்கள் வண்டிக்குப் பரிந்துரைக்கப்படாத வகையைப் பொருத்தியிருந்தால், உத்தரவாதக் கோரிக்கை நிராகரிக்கப்பட இடமுண்டு.

மோட்டார் காப்பீடு இதில் எவ்வளவு உதவும் என்பதிலும் தெளிவு வேண்டும். இயல்பான தேய்மானத்தால் பேட்டரி ஓய்ந்துபோவது வழக்கமான காப்பீட்டில் அடங்காது. விபத்தில் சேதமடைந்து மாற்ற நேர்ந்தால் இழப்பீடு உண்டு. ஆனால் பேட்டரிக்கு 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும். தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு எடுத்திருந்தால், அதன் நிபந்தனைகளில் பேட்டரி சேர்ந்துள்ளதா என்று படித்துப் பாருங்கள். வழித்துணை உதவிக்கான கூடுதல் காப்பு, வண்டி நின்ற இடத்திற்கு ஆள் வந்து கிளப்பித் தர வகை செய்யும். எனினும் தொலைபேசிக்கு எட்டாத கணவாய்களில் அதனையே நம்பியிருத்தல் தகாது. தரமான இணைப்புக் கம்பியோ கையடக்கத் தொடக்கக் கருவியோ வண்டியில் இருப்பது நலம்.

பழைய பேட்டரியைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். முறையற்ற உலைகளில் உடைத்து உருக்கும்போது அந்த நஞ்சு மண்ணிலும் குழந்தைகளின் குருதியிலும் சேர்கிறது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழையவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது வைத்துள்ளன. புதியதை வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையிலும் குறைப்பு கிடைக்கும். அத்தொகையை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மறுபடியும் அதே பாதையில்

சண்டிகரில் நண்பர், கையேடு குறிப்பிட்ட அதே அளவில் ஏ.ஜி.எம். பேட்டரி ஒன்றை வாங்கினார். அந்த மெக்கானிக் பிடியை இறுக்கி, வாயுக் குழாயைச் செருகி, கணினியில் பதிவு செய்து, அளந்து காட்டினார்: 12.8 வோல்ட். மொத்த வேலை ஒரு மணி நேரத்திற்குள் முடிந்தது. மரத்துண்டை எடுத்து நண்பர் கையில் கொடுத்து, "இதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை விலை பேசும்போது நினைவுக்கு வரும்" என்று சிரித்தார்.

மறு ஆண்டு அதே பாதையில் நாங்கள் மீண்டும் சென்றோம். சர்ச்சுவில் விடியற்காலை, வாளியில் அதே பனிக்கட்டி. குளிர்பெட்டியை இரவே அணைத்திருந்தோம். நண்பர் பொத்தானை அழுத்தியதும் எஞ்சின் உடனே கிளம்பிற்று. முன்னிருக்கையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். இம்முறை மணாலிக்குப் பின் கேலாங்கில் இரண்டு இரவு தங்கி உடலைப் பழக்கிக்கொண்டே ஏறியிருந்ததால், அவருக்குத் தலைவலியும் இல்லை.